விரும்பி ஏற்ற துன்பமும் பிறர் கடமையும்

ஒருவர் தமது சொந்த விருப்பின்பேரில் ஓர் ஆபத்தினுள் இறங்குகின்றார். அவரை எவரும் வற்புறுத்தவில்லை, பசியும் துரத்தவில்லை. அங்கே அவருக்குத் தீங்கு நேருமாயின் அதற்கு அவர் ஒருவரே பொறுப்பாளியா? அன்றி, அவ்வாபத்தை ஏற்பாடு செய்து கொடுத்தோருக்கும், உடன் சென்றோருக்கும், அவ்வழியே தற்செயலாக வந்தோருக்கும் அதிற் பங்குண்டா? அறவியலாளர் நெடுங்காலமாக விவாதித்துவரும் இவ்வினாவை, எம் காலத்து நிகழ்ச்சி ஒன்றை முன்வைத்து ஆராய விரும்புகின்றோம். அந்நிகழ்ச்சி மலைப்பாதை ஓட்டப் போட்டிகளைச் சார்ந்தது.

மலைப்பாதை ஓட்டம் மைதானத்து ஓட்டத்தினின்றும் வேறானது. மரதன் ஓட்டத்தின் 42 கிலோமீற்றரையும் கடந்து, 100 கிலோமீற்றர், 100 மைல் என்று அது நீளும். ஆடுமாடுகளும் அவற்றை மேய்ப்போரும் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதைகளே பெரும்பாலும் அதன் களம். ஓடுவோர் ஏற்றங்களில் நடப்பர், இறக்கங்களிற் பாய்வர், ஓடைகளைக் கடப்பர். பகல் முழுதும் ஓடி, இரவில் நெற்றியிற் கட்டிய விளக்கின் ஒளியிற் காலடியைத் தேடித் தேடிச் செல்வர். வயிறு உணவை மறுக்கும், பாதங்கள் கொப்புளிக்கும், உறக்கமின்மையால் மரத்தின் நிழல் மனிதனாகத் தோன்றும். இவை யாவற்றையும் கடந்து இறுதிக் கோட்டை அடைந்தவர், அடுத்த ஆண்டும் ஓடுவதற்குப் பெயர் கொடுப்பார்.

உழைப்பாலும் வறுமையாலும் கோடிக்கணக்கான மக்கள் நாள்தோறும் துன்புறும் உலகில், துன்பத்தைக் கட்டணம் செலுத்தி வாங்குவோரைப் பற்றி நாம் ஏன் பேசவேண்டும் என்று நண்பர் சிலர் கேட்கலாம். இக்கேள்வியிற் நியாயம் உண்டு. ஆயினும் இதனை வசதி படைத்தோரின் வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுதல் வரலாற்றை அறியாமையாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 10,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், லெட்வில் என்னும் சுரங்க நகரம் உள்ளது. அதனருகிலிருந்த கிளைமாக்ஸ் மொலிப்டினச் சுரங்கம் 1982ஆம் ஆண்டளவில் மூடப்பட்டபோது 3,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர். உலகச் சந்தையில் உலோகத்தின் விலை வீழ்ந்தது. ஒரு நகரத்தின் அடுப்புகள் அணைந்தன. மறு ஆண்டு, 1983இல், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளரான கென் குளோபர் என்பார் அங்கே 100 மைல் மலைப்பாதை ஓட்டமொன்றைத் தொடங்கினார். ஓட வருவோர் அந்நகரில் இரவு தங்குவர், தங்குவோர் உண்பர், அதனால் நகருக்குச் சிறிது பணம் வரும் என்பதே அதன் எளிய பொருளாதாரம். 12,500 அடி உயரமான கணவாயொன்றைப் போகும்போதும் மீளும்போதும் இருமுறை கடந்து, 30 மணித்தியாலங்களுக்குள் ஓட்டத்தை முடித்தல் வேண்டும்.

அவ்வோட்டத்தின் விதியொன்று எம் கவனத்தை ஈர்க்கின்றது. பிற்பாதியில் ஓடுபவருக்குத் துணையாக ஒருவர் உடன் ஓடலாம். அத்துணைவர் ஓடுபவரின் நீரையும் உணவையும் உடையையும் தாமே சுமந்து வரலாம். பெரும்பாலான போட்டிகளில் இதற்கு இடமில்லை. லெட்விலில் இதனைக் கோவேறு கழுதையின் வேலை என்று அழைக்கின்றனர்; முற்காலத்தில் அம்மலைகளிற் சுரங்கத் தொழிலாளரின் பொதியைச் சுமந்தவை அவ்விலங்குகளே. சுமை பகிரப்படாவிட்டால் மலையிற் பிழைக்க முடியாது என்பதைச் சுரங்கத் தொழிலாளி அறிவான். அவனுடைய அவ்வறிவே ஒரு விளையாட்டின் விதியாக இங்கு எஞ்சியுள்ளது. 2010ஆம் ஆண்டில் அவ்வோட்டம் ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் உடைமையாயிற்று என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். தொழிலாளியின் தேவையிற் பிறந்ததும் சந்தையின் பண்டமாகிவிடுதல் எம் காலத்தின் இயல்பன்றோ?

இனி, நாம் கூறவந்த நிகழ்ச்சிக்கு வருவோம்.

2021ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள், சீனாவின் கான்சு மாகாணத்தில், மஞ்சளாற்றங்கரையிலுள்ள கற்காட்டுப் பகுதியில், 100 கிலோமீற்றர் மலைப்பாதை ஓட்டமொன்று நடைபெற்றது. ஓடியோர் 172 பேர். காலையில் அவர்கள் புறப்படும்போதே காற்றுப் பலமாக வீசிற்று. அவர்களிற் பலர் மெல்லிய அரைக்காற்சட்டையும் சட்டையுமே அணிந்திருந்தனர். காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி கொண்டுவருதல் நன்று என்று கூறப்பட்டிருந்ததேயன்றி, கட்டாயமாக்கப்படவில்லை. ஏறத்தாழ 24ஆவது கிலோமீற்றரில், 8 கிலோமீற்றர் தூரத்தில் 1,000 மீற்றர் உயரம் ஏறவேண்டிய கடும்பகுதி தொடங்கிற்று. அங்கே வாகனம் செல்ல வழியில்லை. ஏறி முடிக்கும் இடத்தில் உணவும் இல்லை, போர்வையும் இல்லை. நண்பகலளவில் சூறைக்காற்றும் ஆலங்கட்டியும் உறைகுளிர் மழையும் ஒருங்கே அவர்களைத் தாக்கின. மறுநாள் வரை நீடித்த தேடுதலின் முடிவில் 151 பேர் பிழைத்தனர் என்பதும் 21 பேர் மாண்டனர் என்பதும் தெரியவந்தன. மாண்டோருள் நெடுந்தூர ஓட்டத்திற் சீனா முழுவதும் புகழ்பெற்ற லியாங் ஜிங்கும் ஒருவர். செவிப்புலனற்றவரும், 2019ஆம் ஆண்டு தேசிய மாற்றுத்திறனாளர் விளையாட்டு விழாவில் மரதன் ஓட்டத்தில் வென்றவருமான குவாங் குவான்ஜுன்னும் ஒருவர்.

இத்தகைய வேளைகளில் ஒரு குரல் தவறாது எழும்: "அவர்கள் தாமே விரும்பிச் சென்றார்கள், ஆபத்தை அறிந்து கையொப்பமிட்டார்கள், ஆகவே பொறுப்பு அவர்களுடையதே." இக்குரல் எமக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆலை முதலாளிகள் பேசிய குரலே அது. இயந்திரத்திற் கையிழந்த தொழிலாளியை நோக்கி, "ஆபத்தை அறிந்துதானே வேலைக்கு வந்தாய்?" என்று அவர்கள் கேட்டனர். இசைந்தவனுக்குத் தீங்கில்லை என்னும் பழைய உரோமச் சட்ட வாசகம் அவர்களுக்குக் கேடயமாயிற்று. இங்கிலாந்தில் 1891ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த சிமித் எதிர் பேக்கர் வழக்கு அக்கேடயத்தைப் பெரிதும் உடைத்தது. பாறையைத் துளையிட்டுக்கொண்டிருந்த தொழிலாளியின் தலைக்கு மேலாகப் பாரந்தூக்கி கற்களைச் சுமந்து சென்றது. கல் விழுந்தது, அவன் காயமுற்றான். ஆபத்தை அறிந்துகொண்டே ஒருவன் தொடர்ந்து வேலை செய்தான் என்பதனால் மட்டும், முதலாளியின் கவனயீனத்துக்கும் அவன் இசைந்தான் என்று கொள்ளமுடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

தொழிலாளியைப் பசி துரத்தியது, ஓட்டக்காரரை அது துரத்தவில்லை என்று மறுத்துரைப்போர் உளர். வேறுபாடு உண்மையே. ஆயினும் தீர்ப்பின் உட்பொருள் இருவருக்கும் பொருந்தும். ஒருவர் இசைவது எதற்கு என்று பிரித்துப் பார்த்தல் வேண்டும். ஓடுபவர் மலையின் செங்குத்துக்கு இசைகின்றார், களைப்புக்கு இசைகின்றார், வானிலை மாறக்கூடும் என்பதற்கும் இசைகின்றார். ஏற்பாட்டாளர் வானிலை எச்சரிக்கையைப் புறக்கணிப்பதற்கும், மீட்பு வழியில்லாத மேட்டிலே தம்மைக் கைவிடுவதற்கும் அவர் இசையவில்லை. மலையின் ஆபத்து வேறு. மனிதரின் அசட்டையால் விளையும் ஆபத்து வேறு. முன்னதை ஏற்ற கையொப்பத்தைப் பின்னதற்கும் உரியதாக்குவது மோசடியாகும். கான்சு நிகழ்ச்சியை விசாரித்தோரும், கடும் வானிலையோடு ஏற்பாட்டின் குறைகளும் சேர்ந்தே அவ்வழிவை விளைத்தன என்று கண்டனர்; அதிகாரிகள் பலர் தண்டிக்கப்பட்டனர்.

இன்னுமொரு நியாயமும் உண்டு. அது உடலின் இயல்பினின்றும் பிறப்பது. வியர்வையாலும் மழையாலும் நனைந்த உடை வெப்பத்தைக் காக்கும் ஆற்றலை இழக்கின்றது. காற்று உடலின் சூட்டை வாரிச் செல்கின்றது. உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குமாயின் முதலில் நடுக்கம் தோன்றும்; பின்னர் விரல்கள் செயலிழக்கும்; அதன்பின் சிந்தனையே குழம்பும். திரும்பிச் செல்வதா, ஏறிச் செல்வதா என்று தீர்மானிக்க வேண்டிய மூளையே முதலிற் பாதிக்கப்படுவனவற்றுள் ஒன்று. காலையிற் புறப்பாட்டுக் கோட்டில் நின்று கையொப்பமிட்ட சுதந்திர மனிதர் நண்பகலில் அம்மேட்டில் இல்லை. அங்கிருப்பவர் தெரிவு செய்யும் ஆற்றலைக் குளிரிடம் பறிகொடுத்தவர். தேவையான வேளையில் இல்லாமற்போகும் ஒரு சுதந்திரத்தின்மீது எவ்வாறு முழுப் பொறுப்பையும் சுமத்துவது? மனிதரின் தீர்மானம் தவறக்கூடிய இடத்தை முன்னதாக அறிந்து, அங்கே தம் தீர்மானத்தைத் துணையாக வைத்தல் ஏனையோரின் கடமையாகின்றது.

சுதந்திரத்தைக் குளிர் மாத்திரம் குறைப்பதில்லை, பணமும் குறைக்கும். கான்சு ஓட்டத்தை முடிக்கும் ஒவ்வொருவருக்கும் 1,600 யுவான் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. செல்வருக்கு இது சிறுதொகை. வறியவருக்கோ, "இன்னும் சிறிது தூரந்தான்" என்று காதிற் சொல்லும் குரல் அது. விருப்பம் என்று நாம் பெயரிடுவதன் உள்ளே தேவை எவ்வளவு கலந்திருக்கின்றது என்பதை அளந்து பாராமல், தனிமனித விருப்பத்தைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சாகும்.

அப்படியாயின் இத்தகைய ஓட்டங்களைத் தடைசெய்துவிடலாமா? அவ்வழிவை அடுத்துச் சீன விளையாட்டு நிருவாகம் இவ்வகை ஓட்டங்களை இடைநிறுத்தியது. குறைகளைத் திருத்தும் வரையில் அது தக்கதே. ஆயினும் நிலையான தடையை நாம் ஆதரிக்கமாட்டோம். தன் உடலின் எல்லையைத் தானே அறிய விழைதல் மனித இயல்பின் உயர்ந்த கூறுகளுள் ஒன்று. நாள் முழுதும் பிறருக்காக உழைத்துத் தேயும் உடல், ஒருநாளாயினும் தன் விருப்பின்படி களைப்புற விரும்புவதிற் குற்றமென்ன? பாதுகாப்பின் பெயரால் மனிதரைக் குழந்தைகளாக்குவதும், சுதந்திரத்தின் பெயரால் அவர்களைக் கைவிடுவதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். மனிதர் தம்முட் பிணைக்கப்பட்டவர் என்பதை இரண்டுமே மறந்துவிடுகின்றன.

வேறு வழி உண்டென்பதற்கு ஐரோப்பாவிற் சான்று இருக்கின்றது. பிரான்சு, இத்தாலி, சுவிற்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் ஊடாக மொன் பிளாங்க் மலையைச் சுற்றி, ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரம் ஓடும் போட்டி 2003ஆம் ஆண்டில் தொடங்கிற்று. மழை மேலங்கி, உயிர்காப்புப் போர்வை, ஊதுகுழல், இரு விளக்குகள் முதலியவற்றை அங்கே ஒவ்வொருவரும் கட்டாயம் சுமத்தல் வேண்டும். ஆபத்திற் சிக்கியவருக்கு உதவுவது அங்கு ஓடுவோர் எல்லோர்க்கும் விதிக்கப்பட்ட கடமை. போட்டியின் விதிகளுக்குள்ளேயே போட்டியை நிறுத்திவைக்கும் விதியும் இடம்பெறுகின்றது. முந்துவதற்காக ஓடுபவரே, தேவை நேரின் முந்துதலைக் கைவிடக் கடமைப்பட்டவர். விதிகள் மாத்திரம் உயிரைக் காத்துவிடும் என்று நாம் கூறவில்லை. எனினும் யாருக்கு யார் கடன்பட்டவர் என்பதை அவை ஐயமின்றிச் சொல்லிவைக்கின்றன.

கான்சு மலையில் அக்கடனைச் சொல்லிவைத்த விதி எதுவும் இல்லாமலே செலுத்திய ஒருவர் இருந்தார். சூ கெமிங் என்னும் ஆட்டிடையர் அவர். அன்று ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த அவர், புயலுக்கு ஒதுங்கி ஒரு குகையினுட் புகுந்தார். வெளியே ஒருவர் தள்ளாடி நிற்பதைக் கண்டு அழைத்து வந்தார். நெருப்பு மூட்டினார், கைகால்களைச் சூடேற்றினார், நனைந்த உடைகளை உலர்த்தினார். பின்னர் மீண்டும் வெளியே சென்று, மயங்கிக் கிடந்த ஒருவரைத் தூக்கி வந்து போர்வையாற் போர்த்தினார். இவ்வாறு அறுவரை, மூன்று ஆண்களையும் மூன்று பெண்களையும், அவர் காத்தார்.

இச்செயலின் அன்பை எல்லோரும் போற்றினர். அதன் பின்னாலிருந்த அறிவையும் நாம் போற்றுதல் வேண்டும். போர்வையும் உடையும் உணவும் அக்குகையில் எவ்வாறு வந்தன? வானம் மாறும் என்பதை அறிந்து இடையரே அவற்றை முன்கூட்டி அங்கு வைத்திருந்தார். அம்மலையில் ஆண்டுகள் பல உழைத்தமை அவருக்கு அதனைக் கற்பித்திருந்தது. ஏற்பாட்டாளர் கட்டாயமாக்க மறந்ததை ஓர் உழைப்பாளியின் அன்றாட வழக்கம் மறக்கவில்லை. மலையை ஒருநாட் களமாகக் கண்டோர் அதனை அழகென்றனர், சவாலென்றனர். அங்கே வாழ்ந்து உழைத்தவர் அதனை அறிந்திருந்தார். ஓட்டத்தின் பாதையை வகுத்தபோது அவருடைய அறிவுக்கு இடமளிக்கப்பட்டிருந்தால், அம்மேட்டின் உச்சியில் ஒரு கூடாரமும் சில போர்வைகளும் இருந்திருக்கலாம்.

அறுவரைக் காத்த அம்மனிதர், உயிரற்றுக் கிடந்த இருவரைக் காக்க இயலவில்லையே என்று பின்னர் வருந்தினார். அவர் எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிட்டவரல்லர்; எவரிடமும் கூலி பெற்றவரல்லர்; ஓடியோரில் ஒருவரையேனும் அறிந்தவருமல்லர். இருந்தும் அவ்விருவருக்காகத் தாம் கடன்பட்டவர் போல வருந்தினார். விரும்பி வந்தவர்களுக்கு விதித்தது இது என்று அவர் கூறவில்லை. குளிரில் நடுங்கும் ஒருவரை நோக்கி, நீ ஏன் வந்தாய் என்ற கேள்வி அவருக்குத் தோன்றவுமில்லை.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கேயே இருக்கின்றது. ஒருவர் துன்பத்தைத் தாமாக ஏற்பதனால் அத்துன்பத்தின் பெருமை அவருடையதாகலாம். அவர் உயிரின் பொறுப்பு அவர் ஒருவருடையதாகிவிடாது. மலையோட்டத்தில் மாத்திரமன்று, ஆலையிலும் கடலிலும் வீதியிலும், "அவர்கள் அறிந்துதானே போனார்கள்" என்ற வாசகத்தை நாம் கேட்கும்போதெல்லாம் திருப்பிக் கேட்போம்: அனுப்பியவர் எதை அறிந்திருந்தார்? எதை அளிக்கத் தவறினார்? அத்தவற்றினால் யார் இலாபமடைந்தார்? இக்கேள்விகளை மாணவர்க்குக் கற்பித்தல் ஆசிரியரின் பணி. விடை கிடைக்கும் வரை கேட்டல் மாணவரின் பணி.