முந்திக்கு எத்தனை அட்டை?

தேவிகாபுரத்தில் பட்டுத் தறிகளுக்கு அட்டை அடிப்பது என் தொழில். சேலையில் விழ வேண்டிய பூவை முதலில் கட்டம் போட்ட தாளில் எழுதிக் கொண்டுவருவார்கள். எந்தெந்த இழை மேலே எழும்ப வேண்டுமோ, அந்தந்த இடத்தில் நான் அட்டையில் ஓட்டை போடுவேன். ஊடை ஒரு தடவை போக ஒரு அட்டை. எல்லாவற்றையும் வரிசை மாறாமல் கயிற்றில் கோர்த்து, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டிவிட்டால், மிதிக்க மிதிக்கப் பூ விழும். 1804இல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜக்கார் செய்த பெட்டி இது. அதுவும் பட்டு நெசவு ஊர்தான்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. எந்த முதலாளி தீபாவளிக்கு என்ன முந்தி போடப்போகிறார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆரணிக் கடைக்கு நெய்கிறவரின் தாளும், காஞ்சிபுரத்துக்கு நெய்து அனுப்புகிறவரின் தாளும் என் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒருவருக்கொருவர் போட்டிக்காரர்கள். இருவரும் என்னை நம்பித்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தெரிந்ததில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, சொல்லாமல் இருப்பது எப்போது பாவமாகிறது? இந்தக் கேள்வியோடுதான் நான் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். இதை நான் தர்மத்தைப் பற்றிய கேள்வியாகவே நினைக்கிறேன்.

பட்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் பல கை மாறுகிறது. ராமநகரத்திலோ தருமபுரியிலோ கூடு ஏலம் போகும். ராமநகரத்தில் இப்போது மின்னணு ஏலம். கூடு வளர்த்த விவசாயி, தன் குவியலுக்கு என்ன விலை விழுந்தது என்று நின்ற இடத்திலேயே பார்த்துவிடலாம். பிறகு நூல் எடுப்பவர், முறுக்கு ஏற்றுபவர், சாயம் போடுபவர், பாவு ஓட்டுபவர். ஜரிகை சூரத்திலிருந்து வரும். இவர்களில் யாரும் மற்றவரிடம் மறைத்துத் தொழில் செய்ய முடியாது. முறுக்கு எவ்வளவு என்று தெரியாமல் சாயக்காரர் பட்டைத் தொட்டியில் இறக்கமாட்டார். இழைக் கணக்கு சொல்லாவிட்டால் பாவு அச்சோடு சேராது. சரக்கோடு கூடவே விவரமும் நடந்து வருகிறது. தறி வரைக்கும் வந்து அங்கே நின்றுவிடுகிறது. சேலை என்ன விலைக்குப் போனது, அதே சேலைக்கு மறுபடி ஆர்டர் வந்ததா, கையில் எடுக்கப்போகும் வேலை எத்தனை நாள் இழுக்கும் - இவை மட்டும் நெய்கிறவருக்குத் தெரியாமலே போகும்.

ஒரு அம்மா வந்தார். வீட்டில் அவரும் மகளும் ஒரு தறியில் கோர்வை போடுகிறவர்கள். கூலியைச் சேலைக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசி முடித்துவிடுவது இங்கே வழக்கம், அட்டையைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே. அவர் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, முந்திக்கு எத்தனை அட்டை வருது?"

அந்தக் கேள்வியின் கனம் தறியில் உட்கார்ந்தவர்களுக்குப் புரியும். கரைக்கான அட்டை சுற்றிச் சுற்றி வரும். அதில் அட்டை கூடினால் பூ நீளமாகுமே தவிர வேலை கூடாது. முந்தி அட்டை ஒரே முறைதான் ஓடும். 600 அட்டை என்றால் 600 தடவை ஜரிகை ஊடை விட வேண்டும். 1,000 என்றால் 1,000. அதோடு உடலில் எத்தனை வரிசை புட்டா, ஒவ்வொரு புட்டாவுக்கும் தனித் தார் விட வேண்டுமா என்பதும் சேர்ந்தால், அதே கூலிக்கு எத்தனை நாள் கூடுதலாக உட்கார வேண்டும் என்று அவர் விரல் விட்டே கணக்குப் போட்டுவிடுவார். முதலாளி என்னிடம் தாளைக் கொடுக்கும்போது, யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

நான் எண்ணிக்கையைச் சொன்னேன். தாளைக் காட்டவில்லை.

அதே தாளைக் கேட்டு வேறொரு வியாபாரியும் வந்தார். கையில் போன். ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன், உனக்கு என்ன வேண்டும் சொல் என்றார். அந்தப் படம் சாயங்காலத்துக்குள் எந்த ஊர் விசைத்தறியில் ஓடும் என்பது எனக்குத் தெரியும். பட்டுச் சேலை கைத்தறிக்கே உரியது என்று 1985இல் போட்ட சட்டம் இருக்கிறது. ஓடுவதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவரை அனுப்பிவிட்டேன்.

ஒருவருக்குச் சொல்லி மற்றவருக்கு மறைத்தது நியாயமா என்று என் தம்பியே கேட்டான். எனக்குப் பதில் கிடைத்தது ராமானுஜர் கதையில். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைக் கேட்க அவர் திருவரங்கத்திலிருந்து 18 முறை நடந்தார் என்று மரபு சொல்கிறது. யாருக்கும் சொல்லாதே, சொன்னால் நரகம் என்ற நிபந்தனையோடு குரு கொடுத்தார். ராமானுஜர் கோயிலின் மேலே ஏறி ஊரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் அவருடைய தாராளத்தையே பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கு இதில் பெரிதாகப் படுவது நஷ்டக் கணக்கு. அவர் வாக்கை மீறினார். அந்த மீறலுக்கான தண்டனையைத் தன் தலையிலேயே ஏற்றுக்கொண்டார். நான் ஒருவன் நரகம் போனால் போகட்டும், கேட்டவர்கள் கரையேறட்டும் என்றார். கேட்டவர்கள் பெற்றதால் குருவுக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை.

என் மேசைக்கு இதைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறேன். போட்டோவுக்குத் தாளைக் காட்டினால் லாபம் எனக்கு, நஷ்டம் அந்தப் பூவை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியவருக்கு. அந்த அம்மாவிடம் எண்ணிக்கையைச் சொன்னால் நஷ்டம் வரக்கூடியது எனக்கு, வேலை போகலாம். முதலாளிக்கும் கூலி கூடும் என்பீர்கள். அது அவர் கொடுத்திருக்க வேண்டிய கூலி. அடுத்தவர் உழைப்பின் அளவை அவருக்கே தெரியாமல் வைத்துச் சேமித்த பணத்தை நஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு மரபும் இருக்கிறது. ஆரணிக்கும் போளூருக்கும் நடுவே திருமலையில் சுமார் 16 மீட்டர் உயர நேமிநாதர் மலையோடு மலையாக நிற்கிறார். சுற்றுவட்டாரக் கிராமங்களில் இன்றும் தமிழ்ச் சமணர்கள் வாழ்கிறார்கள். கூட்டிலிருக்கும் புழு சாவதால் பட்டை ஒதுக்கும் சமயம் அது; பட்டில் சோறு தின்கிற நான் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. இல்லறத்தார்க்கு அவர்கள் சொல்லும் தானம் நான்கு: உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம். அறிவைச் சோற்றோடும் மருந்தோடும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற அம்மையார் பொன்னர் எழுதிய சாந்திபுராணத்தை 1,000 படிகள் எடுக்கச் செய்து கொடுத்தார். பசித்தவனுக்குச் சோறு மறுப்பது குற்றம் என்றால், தன் வேலையைப் பற்றித் தெரியாமல் தவிக்கிறவருக்கு அந்த விவரத்தை மறுப்பதும் அதே அளவு குற்றம் என்றுதான் நான் அந்த வரிசையைப் புரிந்துகொள்கிறேன். அடைக்கலமும் அதே நான்கில் ஒன்று. என்னை நம்பி வைத்த தாள் என்னிடம் அடைக்கலமாக வந்தது.

முதலாளிகள் பக்கமும் பேச வேண்டும். அவர்களில் பலர் நேற்றுவரை தறியில் உட்கார்ந்தவர்கள். நூல் விலை ஏறினால் முதலில் கைப்பணம் போவது அவர்களுக்கு. பெரிய கடை சேலையை வாங்கிக்கொண்டு, பணத்தை மாதக்கணக்கில் இழுக்கும். என்ன விலைக்கு விற்றது என்று அவர்களுக்கும் சொல்லாது. மேலே இருக்கிறவர் தன்னிடம் மறைப்பதை அவர் கீழே இருக்கிறவரிடம் மறைக்கிறார். கேட்டால் தொழில் ரகசியம் என்பார். பூவை மறைப்பதற்கும் அதே பெயர், கூலிக் கணக்கை மறைப்பதற்கும் அதே பெயர்.

பழைய வணிகர்கள் இப்படியா இருந்தார்கள்? பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைச் சொல்லும்போது, அதிகம் கொள்ளாமல், குறைத்துக் கொடுக்காமல், வெளிப்படையாகச் சொல்லி விற்றவர்கள் என்கிறது. புலவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பல ஊர் வணிகர்கள் கூடி, எந்தச் சரக்குக்கு எவ்வளவு மகமை கோயிலுக்குத் தருவது என்று முடிவு செய்து, துணி, மிளகு, பாக்கு என்று பண்டம் பண்டமாகக் கல்லில் வெட்டி வைத்தார்கள். போட்டிக்காரர்கள் ஒன்றுகூடி, சாமிக்கும் ஊருக்கும் முன்னால் தங்கள் கணக்கின் ஒரு பகுதியைத் திறந்து வைத்த இடம் அது. தேவிகாபுரம் பெரியநாயகி அம்மன் கோயில் சுவரிலும் விஜயநகரக் காலத்து எழுத்துகள் நிறைய இருக்கின்றன. யார் என்ன கொடுத்தார், யாருக்கு என்ன பாத்தியம் என்பதைப் பெட்டியில் பூட்டாமல், நடந்துபோகிறவன் பார்க்கிற சுவரில் எழுதினார்கள். எல்லோராலும் படிக்க முடிந்திருக்காது. படிக்கத் தெரிந்த ஒருவனைக் கூட்டிவந்து கேட்க முடியும். அதுவே பெரிய விஷயம்.

இதையே வேறு ஊரில் வேறு நெசவாளர்கள் செய்தார்கள். இங்கிலாந்தின் ராச்டேலில் 1844இல் 28 பேர் கூட்டுறவுக் கடை தொடங்கினார்கள். அவர்களில் நெசவாளர்களும் உண்டு. அந்த வழியில் வந்த ஏழு கொள்கைகளை உலகக் கூட்டுறவு அமைப்பு 1995இல் மான்செஸ்டரில் திருத்தி எழுதியது. ஐந்தாவது, உறுப்பினர்களுக்குக் கல்வியும் தகவலும் தருவது. ஆறாவது, சங்கங்கள் ஒன்றோடொன்று கைகோர்ப்பது. தகவல் முந்தி, கைகோர்ப்பு பிந்தி என்ற அந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. உள்ளே இருக்கிறவருக்கே கணக்குக் காட்டாத இரண்டு சங்கங்கள் கைகோர்த்தால், அது தலைவர்கள் இருவர் கைகோர்ப்பதோடு முடிந்துவிடும். ஆரணிப் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பெயர் எல்லோருக்கும் பொது. ருத்ராட்சக் கரையும் அன்னமும் யாளியும் அப்படியே; கோயில் தூணில் இருப்பதை யார் சொந்தம் கொண்டாட முடியும்? அதையெல்லாம் கேட்கிற எவருக்கும் அடித்துக் கொடுக்கிறேன்.

இப்போது பென்டிரைவில் ஓடும் ஜக்கார்டு வந்துவிட்டது. அதில் அட்டையை எண்ணிப் பார்க்கவே முடியாது. பூ எங்கே இருக்கிறது என்று நெய்கிறவர் கண்ணுக்கு எட்டாது. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டிலும் முதல் அட்டையின் மேல் பெயின்டால் மூன்று எண் எழுதுகிறேன்: கொக்கி எத்தனை, முந்தி அட்டை எத்தனை, புட்டா வரிசை எத்தனை. பென்டிரைவாக இருந்தால் உறையின் மேல். தாளில் இருக்கும் பூவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஒரு முதலாளி தன் கட்டில் மட்டும் எழுத வேண்டாம் என்றார். எழுதித்தான் கொடுத்தேன். அவர் இப்போது வேறு இடத்தில் அட்டை அடிக்கிறார்.