புழுவைக் குறிவைத்த உழவு

வெயில் ஏறினால் தக்காளிச் செடி துவளுகிறது. தண்ணீர் பாய்ச்சியும் தேறவில்லை. பிடுங்கிப் பார்த்தால் சல்லிவேர் முழுக்க மணி கோத்ததுபோல் முடிச்சுகள். ஒன்றைக் கீறினால் உள்ளே ஊசிமுனை அளவில் வெள்ளை உருண்டை. அதுதான் வேர்முடிச்சு நூற்புழுவின் பெண். ஓரிடத்தில் தங்கித் தின்று, பருத்து, நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு அங்கேயே முடிந்துபோகும்.

இதைக் கொல்வது பாவமா? சமணத்துக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல. புலன்களை எண்ணி உயிர்களைத் தரம்பிரித்த அந்த மரபில் புழு ஈரறிவுயிர்: தொடுகையும் சுவையும் உண்டு. மண்ணைக் கிளறினால் உயிர் போகும் என்று உழவையே ஒதுக்கிய சமணர்கள் வடக்கே பலர். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களோ தலைமுறை தலைமுறையாகப் பயிர்செய்பவர்கள். பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடிப்பார்கள். ஏரை மட்டும் விடவில்லை.

அதற்கு இடம்கொடுப்பது ஒரு நுட்பமான பாகுபாடு. கொல்லவேண்டும் என்று எண்ணிக் கொல்வது சங்கல்ப இம்சை. இல்லறத்தாருக்கும் அது ஆகாது. பிழைப்புக்கான தொழிலில் தவிர்க்க முடியாமல் நேர்வது வேறு. குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள், தடுக்கமாட்டார்கள்.

நூற்புழு இந்த வசதியைக் கெடுத்துவிடுகிறது. விதைப்புக்கு உழுகிறவர் மனதில் புழு இல்லை. கோடை உழவு போடுகிறவரிடமோ, மண்ணைப் புரட்டினால் புழு வெயிலில் காய்ந்து சாகும் என்று சொல்லித்தான் உழச் சொல்கிறார்கள். அதே ஏர், அதே சால். முதலாவது தொழில், இரண்டாவது சங்கல்பம்.

எதிரியைத் தடுப்பதற்கான இம்சை என்று தப்பிக்கலாமா? படைவீரனுக்கு அந்த வாசல் உண்டு. ஆனால் 1961இல் நீலகிரியின் உருளை வயல்களில் கண்டறியப்பட்ட இன்னொரு வகையான முட்டைக்கூடு நூற்புழுவின் பூர்வீகம் ஆண்டீஸ் மலை. அது கடல் தாண்டியது மனிதன் கொண்டுபோன கிழங்கோடும் மண்ணோடும்தான். கூட்டிவந்தவனே அதைப் படையெடுப்பு என்பது கொஞ்சம் அதிகம். (கறாரான சமணர் கிழங்கே தின்னமாட்டார், அவருக்கு இந்த வழக்கே கிடையாது.)

எண்ணத்தை மட்டும் எடைபோட்டால் இன்னொன்று விடுபடும். கார்போஃப்யூரான் குருணை, குறிவைத்த புழுவோடு நிற்பதில்லை. மண்புழுவையும், விதையென்று கொத்தும் பறவையையும் கொல்லும். மண்ணிலுள்ள நூற்புழுக்களிலேயே பெரும்பகுதி பயிரைத் தொடாதவை. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று சத்தை மண்ணுக்கு விடுபவை. அவையும் தப்பாது. டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த கலிஃபோர்னியா ஆலையில், தொழிலாளர்கள் பலர் மலடாகியிருந்தது 1977இல் தெரியவந்தது. சங்கல்பம் புழுவின் மேல். விழுந்த அடி மனிதனின் சந்ததி மேல். கோடை உழவின் பாவத்தையும் இதையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

புழுவைக் கட்டுப்படுத்த வயலில் நடும் செண்டுமல்லி இந்த மருந்துகளைவிடச் சாது. தன் வேரைத் தேடிவரும் புழுவைத்தான் அது பெரும்பாலும் மடக்குகிறது. முட்டைக்கூடு நூற்புழுவுக்கு எதிர்ப்புத்திறன் கொண்ட குஃப்ரி சுவர்ணா என்ற உருளை ரகத்தின் வழியோ விசித்திரமானது. வேர்க்கசிவை உணர்ந்து குஞ்சு முட்டையைவிட்டு வரும், வேருக்குள் நுழையும். பெண்ணாக வளரப் போதிய இரை அங்கே கிடைக்காது. உழவர் மருந்து வைக்கவில்லை, கிழங்கை நட்டார், அவ்வளவுதான். இந்தச் சாவு யார் கணக்கு? புழுவை எண்ணி ரகத்தை உருவாக்கியவர் விஞ்ஞானி. அதைத் தெரிந்தே வாங்கி நட்டவர் உழவர். தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என மூன்றையும் இம்சையாகவே எண்ணுகிறது சமணம்.