நிறுத்திக்கொள்ளும் உரிமை

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் இன்று வாழையிலைச் சாப்பாட்டுக்கும் மீன்தலைக் கறிக்கும் கூட்டம் வருகிறது, குதிரை வருவதில்லை. 1842இல் தொடங்கிய ஸ்போர்ட்டிங் கிளப் ஃபேரர் பார்க் திடலில் நடத்திய பந்தயங்களுக்கு மிச்சமாக அந்தப் பெயர் மட்டும் நிற்கிறது. பந்தயம் 1933இல் புக்கித் தீமாவுக்குப் போனது, பிறகு கிராஞ்சிக்கு. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசி ஓட்டத்தோடு அதுவும் ஓய்ந்தது. பந்தயம் போனபின் இந்தத் தீவில் குதிரையைப் பெரும்பாலும் போலோ மைதானத்திலும் சவாரிப் பள்ளிகளிலும்தான் பார்க்க முடிகிறது. அந்தப் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகள் முதன்முதலாகப் போட்டியில் இறங்குகிறார்கள். குதிரையை நடத்திக் காட்டுவது, மெல்ல ஓட்டுவது, தரையில் கிடத்திய கம்புகளைக் கடப்பது, பழகியவர்கள் தாழ்வான தடையைத் தாண்டுவது. முடிவில் ஒரு வண்ண ரிப்பன். பணயம் வைப்பவர் யாருமில்லை என்பதால் இதில் அறக்கேள்வியும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் போட்டியிடுவது பிள்ளை, உழைப்பது குதிரை. தான் ஒரு போட்டியில் இருப்பதே அதற்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஓர் உயிரின் முதுகில் ஏறிப் பெறும் வெற்றி அறமாகுமா? ஆகும் என்றே நான் கருதுகிறேன், ஒரு நிபந்தனையோடு. குதிரையின் பொருட்டுப் போட்டியைப் பாதியில் விட்டு வரும் உரிமை அந்தப் பிள்ளைக்கு மெய்யாகவே இருக்க வேண்டும்.

குதிரையும் சமயமும் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கடோபநிஷதத்தின் தேர் உருவகம். உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி சாரதி. அடக்கி ஓட்டு என்பதே அதன் உபதேசம் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த உபநிஷதம் எப்படித் தொடங்குகிறது என்பதை மறந்துவிடுகிறோம். புண்ணியம் வேண்டி வேள்வி செய்யும் தந்தை, பால் வற்றிய கிழட்டுப் பசுக்களைத் தானமாகக் கொடுக்கிறார். சடங்கில் குறையில்லை, எண்ணிக்கையிலும் குறையில்லை. மாடுகள் இருக்கும் நிலையைப் பார்த்துக் கலங்கியவன் சிறுவன் நசிகேதன் ஒருவன்தான். பெரியவரின் கண் பலனில் இருந்தது, பிள்ளையின் கண் உயிரில் இருந்தது. எமனிடம் அவன் பெற்ற ஞானம் அத்தனைக்கும் வாசல் திறந்தது அந்தப் பார்வை. சவாரிக் களத்தின் வேலியோரம் நிற்கும் பெற்றோருக்கு இந்தத் தொடக்கம்தான் தேர் உருவகத்தைவிட அதிகம் பொருந்தும்.

பிள்ளையின் மனதில் இருப்பது குதிரைக்கும் போய்ச் சேரும் என்பது வெறும் நம்பிக்கை அல்ல. சுவீடனில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், குதிரையை நடத்திச் செல்பவர்களிடம், குறிப்பிட்ட சுற்றில் ஒரு குடை திடீரென விரியும் என்று சொல்லிவைத்தார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் அந்தச் சுற்றில் மனிதர்களின் இதயத் துடிப்போடு குதிரைகளின் துடிப்பும் ஏறியது. ஜெயித்தே ஆக வேண்டும் என்ற பதற்றத்தோடு ஏறும் பிள்ளைக்கு முழங்கால் இறுகும், குதிகால் மேலெழும், கை தானாகவே கடிவாளத்தைப் பிடித்து இழுக்கும். கடிவாள இரும்பு கிடப்பது குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளியில், எலும்பை ஒட்டிய மெல்லிய ஈறின்மேல். கால் ‘போ’ என்கிறது, கை ‘நில்’ என்கிறது. குதிரை காதைப் பின்னால் மடித்து, வாலை விசிறி, தடைக்கு முன் நின்றுவிடுகிறது. விதிப்படி அதற்கு 4 பிழைப்புள்ளி. கம்பைத் தட்டி வீழ்த்தினாலும் அதே 4. பலகையில் அது வெறும் எண். களத்திலோ, பேச முடியாத ஒன்று தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்ன பதில்.

அந்தப் பதிலைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்த்தது. 2021 ஆகஸ்டில் நடந்த நவீன பென்டத்லானில் முன்னணியில் இருந்த ஜெர்மன் வீராங்கனைக்குக் குலுக்கலில் கிடைத்தது செயின்ட் பாய் என்ற குதிரை. பழகிக்கொள்ள 20 நிமிடம். முன்பு ஏறியவரிடமே தாண்ட மறுத்திருந்த குதிரை அது. அந்த வீராங்கனை அழுதுகொண்டே பிரம்பால் அடித்தார். வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் ‘அடி, நன்றாக அடி’ என்று தூண்டியதோடு, தாமும் முஷ்டியால் குத்தினார். பாரிஸ் ஒலிம்பிக்கோடு அந்த விளையாட்டிலிருந்து குதிரையையே நீக்கிவிட்டார்கள். அதே டோக்கியோவில் இன்னொன்றும் நடந்தது. ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் சிங்கப்பூரின் முதல் போட்டியாளரான கேரலைன் சியூவின் குதிரை ட்ரிபியானியின் வாயில் இரத்தக் கசிவு தெரிந்ததும் அவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். இரத்தம் கண்டால் விலக்கு என்ற இந்த விதி சவாரியாளரின் நோக்கத்தை விசாரிப்பதில்லை. குதிரை தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டிருந்தாலும் ஆட்டம் முடிந்தது. கொடுமையான விதி என்பார்கள். குதிரையேற்றத்தில் இதைவிட நியாயமான விதி இல்லை என்பேன். ஒலிம்பிக் மேடையிலேயே நிறுத்தலாம் என்றால், சவாரிப் பள்ளியின் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் நிறுத்துவதற்கு என்ன தடை?

கீதை படித்தவர்கள் இங்கே மறுப்பார்கள். நிறுத்துகிறேன் என்ற அர்ச்சுனனைத்தானே கண்ணன் எழுப்பிப் போரிட வைத்தான், கடமையைப் பாதியில் விடலாமா என்பார்கள். கீதை அடங்கிய அதே மகாபாரதத்தின் துரோண பருவத்தைப் பார்க்கட்டும். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்லாவிட்டால் தீப்புகுவேன் என்று அர்ச்சுனன் சபதம் செய்த நாள். ஒவ்வொரு நாழிகையும் உயிருக்குச் சமம். அன்று போர்க்களத்தின் நடுவே குதிரைகள் களைத்து, அம்பு தைத்து நிற்கின்றன. அர்ச்சுனன் தரையில் இறங்கிப் பகைவரைத் தடுக்கிறான், அம்பால் நீர்நிலை உண்டாக்குகிறான். கண்ணன் குதிரைகளை அவிழ்த்து, அம்புகளைப் பிடுங்கி, உடம்பைத் தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, அதன் பிறகே தேரில் பூட்டுகிறான். கடமையைச் செய் என்று சொன்னவனே அன்று தேரை நிறுத்தினான். பலனில் பற்று வைக்காதே என்பதைத் தோற்ற பிள்ளைக்கு ஆறுதலாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அது களத்தில் இறங்கும் முன்பே, கை கடிவாளத்தைப் பிடிக்கும் விதத்தில் இருக்க வேண்டிய ஒன்று.

இன்னும் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. சம்மதம் கேட்க முடியாத உயிரின்மீது ஏறுவதே இம்சை, அதில் நல்ல சவாரி, கெட்ட சவாரி என்ற பேச்சு எதற்கு என்பது. இதை எளிதில் தள்ள எனக்கு மனமில்லை. குதிரையிடம் ‘சரி’ என்ற சொல்லை வாங்க முடியாது என்பது உண்மை. ஆனால் அதன் ‘முடியாது’ நமக்குக் கிடைக்கிறது, தெளிவாகவே கிடைக்கிறது. சம்மதம் கேட்க வழியில்லாத உறவில் மறுப்பையாவது மதித்தே தீர வேண்டும். மேலும், மேய்ச்சல் வெளியில்லாத இந்த நகரத்தில் ஏறாமல் விட்டுவிட்டால் குதிரைக்கு விடுதலை கிடைத்துவிடாது. லாயத்துக்குள் நிற்பதுதான் கிடைக்கும். அதோடு மனிதருக்கு அது கொடுப்பதும் சிறிதல்ல. மூளை முடக்குவாதமும் செவித்திறன் இழப்பும் கொண்ட லாரன்ஷியா டான் 2008இல் சிங்கப்பூருக்கு முதல் பாராலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தது குதிரை மேல் அமர்ந்துதான்.

நிறுத்தும் உரிமை கொடுத்தால் பிள்ளை தன் பயத்துக்குக் குதிரையைச் சாக்குச் சொல்லுமே என்பார்கள். சொல்லும். வேலை செய்ய மனமில்லாமல் புதுப் பிள்ளையை ஏய்க்கும் பழைய போனிக் குதிரைகளும் உண்டு. இது என் பயமா, அதன் வலியா, அதன் சோம்பலா என்று பிரித்தறியக் கற்பதுதான் சவாரிக் கல்வியின் பெரும்பகுதி. பயிற்சியாளர் கற்றுத்தர வேண்டியதும் அதுவே. தவறாகக் கணித்து நிறுத்தினால் போவது ஒரு ரிப்பன். தவறாகக் கணித்து அடித்தால் போவது அவ்வளவோடு நிற்காது.

நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டுச் சவாரியாளர் எந்த நேரத்திலும் களத்தைவிட்டு வெளியேறலாம். விதி கொடுத்திருக்கும் இந்த உரிமையை அனுபவிக்க முடியாமல் செய்வது பெரும்பாலும் பெற்றோரின் முகம்தான். கட்டிய பணம், ஓட்டிவந்த தூரம், தாத்தா பாட்டிக்கு அனுப்பவேண்டிய படம் எல்லாம் அந்த முகத்தில் தெரியும். ஆகவே பிள்ளையைக் களத்துக்கு அனுப்பும் அம்மாக்களே, அப்பாக்களே, தலைக்கவசத்தின் வாரை மாட்டிவிடும்போதே ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: “குதிரைக்கு முடியலேன்னா கையைத் தூக்கிட்டு வந்துடு. ஏன்னு நாங்க கேக்க மாட்டோம்.” சொன்னபடி கேட்காமலும் இருங்கள்.