உறுதி உண்மை ஆகிவிடுமா?

"எத்தனை நாளாய்க் குடிக்கிறோம்! என்ன ஆகிவிட்டது?"

சாராயம் அருந்துவோர் அடிக்கடி கூறும் வாதம் இது. கேட்போர் வாயடைத்துப் போவர். நேற்றுக் குடித்தான், இன்று எழுந்தான். ஆகவே இன்று குடிப்பான், நாளையும் எழுவான்! பட்டறிவு தந்த உறுதி அல்லவா அது!

அந்த உறுதிதான் 2024 சூன் திங்களில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் பாடையேறிற்று. அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். பாக்கெட்டில் வந்தது பழகிய சரக்கு என்று நம்பினர். அதில் கலந்திருந்ததோ மெத்தனால்!

மெத்தனாலுக்கு நிறமில்லை. மணத்தாலும் சுவையாலும் அதனைச் சாராயத்தினின்று பிரித்தறிதல் அரிது. குடித்தவுடன் அது கொல்வதுமில்லை. கல்லீரல் அதனை மெல்ல மெல்லப் பார்மிக் அமிலமாக்குகிறது. பல மணி நேரம் கழித்தே கண் மங்குகிறது, மூச்சு இரைக்கிறது, உயிர் ஊசலாடுகிறது. அந்த இடைப்பொழுதில் குடித்தவனைக் கேளுங்கள், "ஒன்றும் ஆகவில்லை" என்பான். பொய்யா சொல்கிறான்? இல்லை, உளமார நம்புகிறான், உறுதியோடும் இருக்கிறான். குருதியில் ஓடும் உண்மையோ அவன் ஒப்புதலுக்காகக் காத்து நிற்கவில்லை.

ஆகவே மூன்றையும் பிரித்துணர்வோம். ஒன்றை மனம் ஏற்பது நம்பிக்கை. அந்த ஏற்பில் ஐயமே அற்றுப்போன நிலை உறுதி. இரண்டும் நம் உள்ளத்தில் உறைபவை. நாம் ஏற்பினும் மறுப்பினும் உள்ளபடியே இருப்பது உண்மை. உறுதி எத்துணை வலிவுடையதாயினும், நம் மனநிலையைக் காட்டுமேயன்றிப் பொருளின் இயல்பைக் காட்டாது.

"படிப்பறிவற்றோர் செய்த பிழை" என்று கைகழுவிவிடலாமா? முதல் சாவுகள் நிகழ்ந்தபோது, கள்ளச்சாராயம் காரணமன்று என்ற மறுப்பு அதிகாரத் தரப்பிலிருந்தே வந்தது. ஆய்வு முடியுமுன் அறிவிப்பு முந்திக்கொண்டது! துக்க வீட்டுக்கு வந்தோரும் அதே சரக்கைக் குடித்தனர் என்று செய்திகள் வந்தன. ஓராண்டுக்கு முன்புதான், 2023 மே திங்களில், மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் இருபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டிருந்தது. ஐயுறக் காரணம் இருந்தது. ஐயுறும் மனம்தான் இல்லை.

பிறரைச் சொல்வானேன்? நம் விரல் எங்கே நீண்டது? கல்வராயன் மலையை நோக்கி! "அங்கே காய்ச்சுகிறார்கள், இங்கே சாகிறார்கள்" என்று தீர்ப்பெழுதியவர்கள் நம்மிலும் உண்டு. மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சுவோர் இருக்கின்றனர், மறுக்கவில்லை. ஆனால் அத்தனை உயிர் குடித்த மெத்தனால் மலைப் பானையில் ஊறியதன்று. தொழிற்சாலையில் உருவாகி, விலைபேசி வாங்கப்பட்டு, ஊர்தியேறி வந்த வேதிப்பொருள். நாடு விடுதலை பெற்ற பின்னும் 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியிலே கிடந்த மலை மக்கள்மீது பழிசுமத்த, ஒரு நொடி போதுமானதாயிருந்தது. பிறர் நம்பிக்கையைக் கேள்விக்கணைகளால் துளைக்கும் நாம், நம் உறுதியை ஒரு கேள்வி கேட்டோமா?

"அப்படியானால் எதிலும் உறுதி கூடாதா? ஐயுற்றுக்கொண்டே கைகட்டி நிற்பதா?" என்பர் சிலர். மருத்துவரைப் பாருங்கள். மெத்தனால் நஞ்சு என்று வலுவாக ஐயுற்றால், ஆய்வறிக்கை வரும்வரை அவர் காத்திருப்பதில்லை. மாற்று மருந்தை உடனே தொடங்குகிறார். ஆய்வு வேறு விதமாகக் கூறினால், வெட்கமின்றித் தம் முடிவை மாற்றிக்கொள்கிறார். செயலில் விரைவு, முடிவில் பணிவு! பகுத்தறிவு கேட்பது இத்தகைய உறுதியையே: சான்று தாங்கும் அளவுக்கு மட்டும் நிற்பது, சான்று சாய்ந்தால் தானும் சாய்வது.

தோழர்களே! "உறுதியாகச் சொல்கிறேன்" என்று எவர் முழங்கினும், "எப்படி அறிந்தீர்?" என்று கேளுங்கள். குருவாயினும் கேளுங்கள், கோட்டையில் அமர்ந்தவராயினும் கேளுங்கள். ஆனால் அக்கேள்வியை முதலில் நம்மிடமே கேட்போம். கருணாபுரத்தில் உறுதிக்குக் குறைவில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்விக்குத்தான் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் விலையாயின.