நம்பர் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது

‘தெரியாத நம்பரை எடுக்காதீர்கள்’ என்று தூத்துக்குடியில் போய்ச் சொன்னால் சிரித்துவிடுவார்கள். கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் வைத்திருப்பவருக்கு நாளெல்லாம் வருவதே தெரியாத நம்பர்தான். வழியில் பஞ்சராகி நிற்கும் டிரெய்லர் டிரைவர் கூப்பிடுவார். கன்டெய்னர் யார்டில் சீல் நம்பர் பார்த்துச் சொல்லும் பையன் கூப்பிடுவான். திருப்பூர் கம்பெனியில் நேற்றுச் சேர்ந்த எக்ஸ்போர்ட் மேனேஜர் கூப்பிடுவார். கப்பலில் வேலை பார்ப்பவரின் வீட்டிலோ எந்த அழைப்பையும் விடமாட்டார்கள். அவர் சிங்கப்பூரில் இறங்கி அங்கத்து சிம் போட்டால் +65 என்று வரும். நடுக்கடலில் கப்பலின் சாட்டிலைட் போனை எடுத்தால் +870 என்று வரும். தன் சொந்த நம்பரையே ரோமிங்கில் வைத்திருந்தால், கொழும்புத் துறைமுகத்தில் இருந்து பேசினாலும் வழக்கமான +91தான்.

இப்படிப்பட்ட ஊருக்குத் தெரியாத நம்பர் ஒரு பிரச்சினையே இல்லை. தெரிந்த நம்பர் போல வருவதுதான் பிரச்சினை. உள்ளூர் 0461 கோடோடு லேண்ட்லைன் எண் ஒன்று திரையில் தெரியும். எடுத்தால் கஸ்டம்ஸில் இருந்து பேசுவதாக ஒரு குரல். வேறு ஊரில் ‘உங்கள் பெயருக்கு வந்த பார்சலைப் பிடித்து வைத்திருக்கிறோம்’ என்றால் நம்ப ஒரு நிமிடம் தயக்கம் வரும். கஸ்டம்ஸ் ஹவுஸ் பஸ் போகும் வழியிலேயே இருக்கிற ஊரில் அந்தத் தயக்கமும் வராது.

திரையில் தெரியும் எண் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். நம் போன் அதைக் கண்டுபிடிப்பதில்லை. அழைப்பு கிளம்பும் இடத்தில் யாரோ எழுதிவிட்டதை, வழியில் உள்ள நிறுவனங்கள் கைமாற்றிக் கொடுக்க, கடைசியில் நம் போன் வாசித்துக் காட்டுகிறது. துறைமுகத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. சீல் வைத்து வரும் கன்டெய்னருக்கு பில் ஆஃப் லேடிங் போடும்போது, சரக்கின் பெயருக்கு முன்னால் ‘செட் டு கன்டெய்ன்’, அதாவது ‘உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது’ என்று அச்சடித்திருப்பார்கள். உள்ளே முந்திரி இருக்கிறது என்று அனுப்புகிறவர் சொல்கிறார். கப்பல் கம்பெனி திறந்து பார்க்கவில்லை. சொன்னதை எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். போன் திரையில் வரும் எண்ணும் அப்படிப்பட்ட வாக்குமூலம்தான். என்ன, அந்த மூன்று வார்த்தையை அதன் தலையில் யாரும் அச்சடிப்பதில்லை.

இப்படி ஓட்டையோடு ஏன் கட்டினார்கள்? கட்டியபோது அது ஓட்டையாக இல்லை. டிரங்க் கால் காலத்தில், யார் கூப்பிடுகிறார்கள் என்று எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் வாயால் சொல்லித்தான் இணைப்புக் கொடுத்தார். பிறகு எக்ஸ்சேஞ்சுகள் அழைப்பு விவரங்களைத் தங்களுக்குள் இயந்திரம் வழியே பரிமாறிக்கொள்ள 1970களில் ஒரு சமிக்ஞை முறையை வடிவமைத்தார்கள். எஸ்.எஸ்.7 என்று பெயர். அன்று உலகத்தில் தொலைபேசி நடத்தியவர்கள் பெரும்பாலும் அரசுத் துறைகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய நிறுவனங்களும். ஒருவர் அனுப்பும் எண்ணை அடுத்தவர் சந்தேகப்பட அன்று காரணம் இல்லை. அதோடு, எண்ணை மாற்றிக் காட்டுவதற்கு நியாயமான தேவையும் உண்டு. ஐம்பது எக்ஸ்டென்ஷன் உள்ள ஷிப்பிங் கம்பெனியில் எந்த மேசையில் இருந்து போட்டாலும் வெளியே ரிசப்ஷன் நம்பரே தெரியவேண்டும். அதற்காக அனுப்புகிற இடத்திலேயே எண்ணை நிரப்பும் வசதியை விட்டுவைத்தார்கள். பிறகு இன்டர்நெட் வழி அழைப்பு வந்தது. அதுவரை பெரிய நிறுவனங்களின் கையில் மட்டும் இருந்த அந்த வசதி, ஒரு கம்ப்யூட்டரும், கேள்வி கேட்காத ஒரு மொத்த வியாபாரியும் கிடைத்தால் யாருக்கும் கிடைக்கும் என்றாயிற்று.

வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு +91 எண்ணைப் போட்டு இந்தியாவுக்குள் அழைப்பைத் தள்ளுவது இப்படித்தான் பெருகியது. இதைத் தடுக்க மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபர் 22 அன்று ஒரு மையச் சோதனை ஏற்பாட்டைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் 1.35 கோடி அழைப்புகள் போலி எண்ணோடு வந்தவை என்று தடுக்கப்பட்டன. அன்று இந்திய எண்ணோடு வெளிநாட்டில் இருந்து வந்த அழைப்புகளில் அது ஏறக்குறைய 90 சதவீதம் என்று அரசே சொன்னது. எனக்கு இந்தக் கணக்கில் தடுத்த பெருமை கண்ணில் படவில்லை. அதற்கு முந்தைய நாள்வரை இப்படிப்பட்ட அழைப்புகள் உள்ளே வந்துகொண்டிருந்தன என்பதுதான் படுகிறது.

அந்தச் சோதனை வேலை செய்யும் விதம் மாலுமிகளின் ஊருக்குச் சற்று விரிவாகத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து வரும் அழைப்பு, இந்தியாவுக்குள் நுழையும் கேட்வே எக்ஸ்சேஞ்சைத் தாண்டவேண்டும். 2006இல் இருந்து தூத்துக்குடிக்கும் கொழும்பை ஒட்டிய மவுன்ட் லவினியாவுக்கும் இடையே பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் போட்ட கடலடி கேபிள் இருக்கிறது. ஆனால் கேபிளுக்கு நல்ல அழைப்பும் கள்ள அழைப்பும் தெரியாது; அதில் ஓடுவது வெறும் ஒளி. சோதனை நடப்பது கேட்வேயில். +91 எண்ணோடு வெளியில் இருந்து ஓர் அழைப்பு வந்தால் அங்கே எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த எண்ணின் சொந்தக்காரர் இப்போது வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கிறாரா? லேண்ட்லைன் எண் என்றால் கேள்வியே தேவையில்லை, லேண்ட்லைன் கப்பலேறாது. மொபைல் என்றால் பதிலை அதன் சொந்த நிறுவனம்தான் சொல்லமுடியும். ஏர்டெல் கேட்வேக்கு வரும் ஜியோ எண்ணைப் பற்றி ஏர்டெல்லுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் எல்லா நிறுவனங்களின் ரோமிங் விவரத்தையும் ஓரிடத்தில் கேட்டறியும் மைய ஏற்பாடு வேண்டியிருந்தது. கொழும்பில் நிற்கும் கப்பலில் இருந்து சொந்த நம்பரில் பேசுபவரை விட்டுவிட்டு, வேறெங்கோ இருந்து அதே நம்பரைப் போட்டுக்கொள்பவனை நிறுத்துவது இப்படித்தான்.

கேட்வே அடைபட்டதும் மோசடிக்காரர்கள் வழி மாற்றினார்கள். பொய்யான இந்திய எண்ணுக்குப் பதிலாக +77, +89, +85 போன்ற எண்களில் வரத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அரசு எச்சரித்தது. அதைக் கேட்டுவிட்டு +8 என்று தொடங்கும் எதையும் எடுக்காதே என்று சொல்லித்தருகிறார்கள். சாட்டிலைட் போனில் கணவரின் குரல் வரும் வீட்டுக்கு அந்த அறிவுரை ஆகாது.

இனி, எண் களவுபோனவரின் கதை. மோசடிக்காரன் எடுத்துப் போட்டுக்கொள்ளும் எண் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய உண்மையான எண். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஐஸ் கடை வைத்திருப்பவருடையதாகவும் இருக்கலாம். அவருக்கு மறுநாள் காலையில் இருந்து வரிசையாக போன் வரும்.

“அண்ணாச்சி, நேத்து நைட்டு இந்த நம்பர்ல இருந்து லோன் கட்டலைன்னு அசிங்கமா பேசுனீங்களே?”

“நான் யாருக்கும் போன் போடலையேப்பா.”

“உங்க நம்பர்தானே காட்டுது?”

இதற்கு அவரிடம் பதில் இல்லை. அவர் போன் ஹேக் ஆகவில்லை, சிம் திருடுபோகவில்லை, பில்லைப் பார்த்தாலும் அப்படி ஓர் அழைப்பு போனதாக இருக்காது. நம்பரை மாற்றுவதும் வீண் செலவு. போலிகள் ஓர் எண்ணில் நெடுநாள் தங்குவதில்லை. வாய்ஸ்மெயிலுக்கோ வேறு எதற்கோ பாஸ்வேர்டு மாற்றி ஆவதும் ஒன்றுமில்லை. திட்டுகிறவரிடம் ‘என் நம்பரை வேறு யாரோ போட்டுக்கொள்கிறார்கள்’ என்று பொறுமையாகச் சொல்வதும், புகார் பதிந்து வைப்பதும்தான் வழி.

ஆனால் அந்த ஐஸ் கடைக்காரரின் அவஸ்தையில் ஒரு தடயம் இருக்கிறது. கூப்பிட்டவன் அவர் நம்பரைக் காட்ட முடிந்தது. திருப்பிக் கூப்பிட்டபோது அழைப்பு போய்ச் சேர்ந்தது அவரிடம்தான், அவனிடம் அல்ல. எண்ணைப் போலியாகக் காட்டுவது ஒருவழிப் பாதை. உள்ளே வரும் எண்ணை யாரும் எழுதிக்கொள்ளலாம், நாம் போடும் எண் அதன் உண்மையான சொந்தக்காரரையே தேடிப் போகும். அதனால் பேங்க் என்றோ போலீஸ் என்றோ சொன்னால், திரையில் பேங்கின் எண்ணே தெரிந்தாலும், வைத்துவிட்டு ஏ.டி.எம். கார்டின் பின்னால் உள்ள எண்ணை நாமே அழுத்திக் கேட்கவேண்டும். கஸ்டம்ஸுக்கும் அதே ஏற்பாடு உண்டு. 2019 நவம்பர் 8 முதல் மறைமுக வரி, சுங்க வாரியத்தின் அதிகாரிகள் அனுப்பும் கடிதங்களில் ‘டின்’ என்ற ஆவண எண் இருக்கவேண்டும் என்பது விதி. வாட்ஸப்பில் நோட்டீஸ் வந்தால் வாரியத்தின் இணையதளத்துக்கு நாமே போய் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். லிங்க் அவர்கள் அனுப்பியதாக இருக்கக்கூடாது.

எல்லாமே போலி எண் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். சிம் பாக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறது. நூற்றுக்கணக்கான சிம்களைச் செருகி, இன்டர்நெட் வழியே வெளிநாட்டு அழைப்பை வாங்கி, உள்ளூர் சிம்மில் இருந்து போனது போல வெளியே விடும். அங்கே எண் நிஜம், சிம் நிஜம். பேசுகிறவன்தான் வேறு நாட்டில். கேட்வே சோதனை இதைத் தொடவே தொடாது. அந்த சிம்கள் யார் பெயரிலோ வாங்கியவை என்பதால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று அவ்வப்போது பார்ப்பது நல்லது. வாட்ஸப் அழைப்பு இன்னொரு கதை: அங்கே போலி எண்ணே தேவைப்படுவதில்லை, டி.பி.யில் ஒரு போலீஸ் அதிகாரியின் படம் போதும்.

அமெரிக்கா இதற்குக் கையெழுத்து முறையைக் கொண்டுவந்தது. அழைப்பை அனுப்பும் நிறுவனம் ‘இந்த எண் இவருடையதுதான்’ என்று டிஜிட்டல் ஒப்பமிடவேண்டும். 2021 ஜூன் 30க்குள் பெரிய நிறுவனங்கள் செய்தாகவேண்டும் என்றார்கள். ஆனால் பழைய வகை இணைப்புகளைக் கடக்கும்போது அந்த ஒப்பம் தொலைந்துவிடுகிறது. நம் ஊரில் வங்கிகளுக்கும் அரசுக்கும் 1600 என்று தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள், விளம்பரத்துக்கு 140. கூப்பிடுகிறவரின் பெயரையே திரையில் காட்ட 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. பெயர், சிம் வாங்கியபோது கொடுத்த விண்ணப்பத்தில் இருந்து வரும். உப்பளத் தொழிலாளி ஒருவரின் ஆதாரைக் காட்டி வாங்கிய சிம் என்றால் அந்தத் தொழிலாளியின் பெயர்தான் தெரியும்.

சட்டத்தில் குறை இல்லை. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் தொலைத்தொடர்பு அடையாளங்களைத் திரிப்பதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆளைப் பிடிப்பதுதான் பாடு.

பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடவேண்டும். கணக்கில் இருந்து கணக்குக்கு மாறிக்கொண்டே போகும் பணத்தை வழியில் நிறுத்த அந்த முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு. பணம் போகவில்லை, முயற்சி மட்டும் நடந்தது என்றால் சஞ்சார் சாத்தியில் உள்ள ‘சக்ஷு’வில் பதியலாம், வெளிநாட்டு அழைப்பு இந்திய எண்ணோடு வந்தது என்று தோன்றினால் அதற்கும் அங்கே தனிப் பகுதி இருக்கிறது. பலரும் புகாரில் எண்ணை மட்டும் எழுதிவிட்டு, நேரத்தை ‘சாயங்காலம்’ என்று விட்டுவிடுகிறார்கள். போலி எண் யாரையும் காட்டிக்கொடுக்காது. நம் எண்ணுக்கு 6.42க்கு ஓர் அழைப்பு வந்தது என்றால், அதைக் கடைசியாகக் கொடுத்த நிறுவனம் தன் பதிவைப் பார்த்து, தனக்குக் கொடுத்தது யார் என்று சொல்லமுடியும். அவர் தனக்கு முந்தையவரைச் சொல்லவேண்டும். இந்திய நிறுவனங்கள் அந்தப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. கால் லாகை அழிக்காமல், தேதியும் நிமிடமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.