அறைத் தோழனின் ஹக்கு



பிள்ளைக்குப் பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று மகிழும் தகப்பனாருக்கு, அடுத்த வாரமே ஒரு கவலை வந்து சேருகிறது. பிள்ளை எங்கே தங்குவது? வளாகத்து விடுதியிலா? அல்லது வெளியே ஒரு வீடு பிடித்து, நம்மவர் பிள்ளைகள் நால்வரை ஒன்றாக வைப்பதா? வாடகை, சாப்பாடு, பஸ் செலவு எல்லாவற்றையும் நாம் கணக்குப் பார்க்கிறோம். அதனுள்ளே அடங்கியிருக்கும் ஒழுக்கப் பிரச்சினையை மட்டும் பார்ப்பதில்லை. அதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

விடுதி வாழ்க்கை நம் நாடுகளுக்குப் புதியதன்று. 1949 அக்டோபர் 8ஆம் தேதி சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக் கழகம் தோன்றியபோதே, அதனோடு இணைந்த மருத்துவக் கல்லூரிக்கும் ராஃபிள்ஸ் கல்லூரிக்கும் மாணவர் விடுதிகள் இருந்தன. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக் கழகத்தின் முதலாவது விடுதி துவாங்கு அப்துல் ரஹ்மான் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகத்தில் 2011இல் 'யூனிவர்சிட்டி டவுன்' என்று ஒரு குடியிருப்பே எழுந்தது. இத்தகைய விடுதிகள் பலவற்றில், அடுத்த கட்டிலில் படுக்கப் போகிறவர் யார் என்பதை நம் பிள்ளை தீர்மானிப்பதில்லை; விடுதி அலுவலகமே தீர்மானிக்கிறது.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பமாகிறது. நாம் மற்றவரோடு பழகுவது பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்று உறவு, மற்றொன்று வியாபாரம். உறவினர் நம் குறையைப் பொறுத்துக் கொள்வர். வாடிக்கைக்காரரோடு உள்ள கொடுக்கல் வாங்கலைப் பேரேட்டில் எழுதி வைக்கிறோம். அறைத் தோழனோ உறவினனுமல்லன், வாடிக்கைக்காரனுமல்லன். அவனுக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம்? எதனால் கடமைப்பட்டிருக்கிறோம்?

கடை மாடியில் ஆறு பேர் பாய் விரித்துப் படுத்த அனுபவம் எனக்கும் நம்மில் பலருக்கும் உண்டு. ஆனால் அங்கே எல்லோரும் ஒரே ஊர். சண்டை வந்தால் முதலாளி ஒரு சத்தம் போட்டுத் தீர்த்து வைப்பார். விடுதி அறையில் அப்படியில்லை. ஒருவனுக்கு நாளைக்குப் பரீட்சை. இரவு இரண்டு மணி வரை விளக்கு வேண்டும். மற்றவனுக்குக் காலை எட்டு மணிக்கு வகுப்பு, தூக்கம் வேண்டும். நோன்பு மாதத்தில் நம் பிள்ளை சஹருக்கு அலாரம் வைக்கிறான். நோன்பு அவன் கடமை. நோன்பில்லாத தோழனின் தூக்கமோ அந்தத் தோழனின் ஹக்கு. அலாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்து, விளக்கைப் போடாமல் எழுந்து போகிற பிள்ளை, இரண்டையும் நிறைவேற்றியவனாகிறான்.

திருக்குர்ஆனில் அன்னிஸா அத்தியாயம் 36ஆம் வசனம், நன்மை செய்யப்பட வேண்டியவர்களைச் சொல்லிக்கொண்டு வரும்போது, பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் ஆகியோருக்குப் பின், பக்கத்தில் இருக்கும் தோழனையும் சொல்கிறது. அதற்கு விளக்கம் எழுதிய பெரியோர்களில் சிலர் பயணத் துணைவர் என்றும், சிலர் மனைவி என்றும், சிலர் கல்வியிலும் தொழிலிலும் உடனிருப்பவர் என்றும் பொருள் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிறான் என்பதே ஹக்குக்குப் போதுமானது என்று நான் விளங்கிக் கொள்கிறேன்.

"சகவாச தோஷத்தை மறந்துவிட்டீரே!" என்று சிலர் கேட்கலாம். அந்தப் பயம் ஆதாரமற்றதன்று. சாப்பாடு ஹலாலா, தொழ இடமுண்டா என்பதையெல்லாம் விசாரித்தே அனுப்ப வேண்டும். ஆயினும், நம்மவர் நால்வர் சேர்ந்த வீட்டிலும் ஒருவன் மற்றவரைக் கெடுக்கக்கூடும். அங்கே இன்னொரு குறையும் உண்டு. ஒரே பாஷை, ஒரே சாப்பாடு, ஒரே நேரத்துக்கு நோன்பு. எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சௌகரியந்தான். ஆனால் தன்னைப் போல் இல்லாதவனுக்கு நியாயம் செய்யும் பழக்கம் அங்கே எப்படி வரும்?

இனி, கடினமான கேள்வி ஒன்று. தோழன் தன் பங்கைச் செய்யாவிட்டால்? கடனைத் திருப்பித் தராதவனுக்குக் கடையில் மறு கடன் கொடுக்க மாட்டோம். அறையில் அந்த வழியில்லை. அவன் சத்தம் போட்டால் நானும் போடுவேன் என்றால், அறை அன்றே சந்தையாகிவிடும். முதலில் அவனிடம் நேரில் பேச வேண்டும். கேட்காவிட்டால் விடுதிப் பொறுப்பாளரிடம் முறையிடலாம். அநியாயத்தைச் சகித்துக் கிடக்க வேண்டுமென்று சொல்ல வரவில்லை. பழிக்குப் பழியாக அவன் தூக்கத்தைக் கெடுக்க மட்டும் நமக்கு உரிமையில்லை. ஏனென்றால் ஹக்கு என்பது விலையன்று. அவன் கொடுத்தால்தான் நான் கொடுப்பேன் என்று நிறுத்தி வைப்பதற்கு.

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, ஊருக்குப் போக முடியாமல் மாணவர் பலர் விடுதிகளிலேயே தங்கிவிட்டார்கள். ஏப்ரல் கடைசியில்தான் கட்டம் கட்டமாக அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாரங்களில் ஒரு பிள்ளைக்குத் தலைவலி என்றால், பக்கத்தில் இருந்தவர் யார்? பெற்றவருமல்லர், சொந்தக்காரருமல்லர், அடுத்த கட்டிலில் இருந்த பிள்ளைதான்.

ஆகவே சகோதரர்களே! வெளியே வீடு எடுத்துக் கொடுப்பதைத் தவறென்று நான் சொல்லவில்லை. அவரவர் நிலைமை அவரவருக்குத் தெரியும். ஆனால் பயத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம். விடுதியில் சேர்த்தால், மகனானாலும் மகளானாலும், லீவுக்கு வீட்டுக்கு வரும்போது, மார்க் எத்தனை என்று கேட்பதற்கு முன், "உன் அறையில் இருக்கும் பிள்ளை சௌக்கியமா?" என்று கேளுங்கள். என்ன பதில் வருகிறதென்று கவனியுங்கள்.