பட்டமும் பாடமும்

குழந்தையின் நாட்டம் எத்திசையில் செல்கிறதோ அத்திசையிலேயே அதற்குக் கல்வி புகட்ட வேண்டும் என்பதைப் பெற்றோர் பலரும் இன்று ஒப்புக்கொள்கின்றனர். ஆனால், அந்நாட்டத்தை நாம் பின்பற்றுகிறோமா, அன்றிப் பயன்படுத்திக்கொள்கிறோமா? அகமதாபாத்தில் என் மகள் வீட்டு மொட்டைமாடியில்தான் இவ்வினா எனக்கு எழுந்தது.

நம் பொங்கலை ஒட்டி வரும் ஜனவரி 14ஆம் நாள் அந்நகரில் உத்தராயணம். ஊரே மாடியேறிப் பட்டம் விடும். என் பேரனுக்கு அப்போது வயது ஆறு. அவனுக்குத் தமிழெழுத்துக் கற்பித்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் வேட்கை. வீதியில் குஜராத்தி, பள்ளியில் ஆங்கிலம். வீடொன்றே அவனுக்குத் தமிழ்நிலம். அங்கும் தவறவிட்டால் பிறகு எங்கே? வெளிமாநிலத்தில் வாழும் அன்பர்கட்கு இவ்வச்சத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பலகையும் பல்பமுமாக நான் அமர்ந்தால், அவன் கண்கள் சன்னலுக்கு அப்பால் வானத்தில் இருக்கும்.

சரி, வானத்தின் வழியே செல்வோம் என்று துணிந்தேன். பழைய செய்தித்தாள், தென்னை ஈர்க்கு, சோற்றுப் பசை கொண்டு இருவரும் ஒரு பட்டம் செய்தோம். அது இருமுறை சுழன்று தலைகுப்புற விழுந்தது. வால் கட்டினால் நிலைப்படும் என்றேன். வாலுக்கு நறுக்கிய தாள்துண்டுகளில் அ, ஆ, இ என்று பெரிதாக எழுதி வைத்தேன்; என் மதிநுட்பத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைப்பானேன்? குழந்தை அத்துண்டுகளைச் சற்றே நோக்கிவிட்டு, "தாத்தா, எழுத்து இல்லாத வால் வேணும்" என்றது.

தூண்டிலில் கோத்த புழுவை மீன் கண்டுகொண்டது!

அன்று எனக்குக் கிஜுபாய் பதேக்கா நினைவுக்கு வந்தார். வழக்கறிஞராயிருந்து, தம் மகனை வளர்க்கும் பொறுப்பினால் குழந்தைக் கல்வியில் நாட்டங்கொண்டு, 1920இல் பாவநகரில் பால மந்திரம் நிறுவிய பெரியார் அவர். அவர் காலமான 1939ஆம் ஆண்டிலேயே மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றத் தொடங்கினார் என்பதும் எண்ணத்தக்கது. கிஜுபாயின் 'திவாஸ்வப்னம்' என்னும் நூலில் வரும் கற்பனை ஆசிரியர், முதல்நாள் வகுப்பில் அமைதி விளையாட்டு நடத்த முயன்று தோற்கிறார். மறுநாள் தம் திட்டத்தை விடுத்துக் கதை சொல்லத் தொடங்குகிறார். தோல்வியை ஒளிக்காமல் எழுதியதே அந்நூலின் பெருமை என்பேன்.

குழந்தையின் விருப்பத்தை நம் விருப்பத்தின் உறையாக்குவது வற்புறுத்தலினும் நாகரிகமானதே. ஆயினும் அதில் ஒரு பொய் கலந்திருக்கிறது. பிரம்பெடுத்த ஆசிரியரிடம் பிள்ளைக்குத் தன் நிலை தெரியும். விளையாட்டு என்று அழைத்துப் பாடம் நடத்துவோரிடம் அதுவும் தெரியாது. அடுத்தமுறை நாம் விளையாட அழைக்கும்போது அது ஐயுறாதோ?

அதற்காகப் பிள்ளை கேட்பதெல்லாம் தரவேண்டும் என்பதன்று. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா கேட்டான், முடியாது என்றேன். அது மனிதர் கழுத்தையும் பறவையின் சிறகையும் அறுப்பதைச் சொன்னேன். நைலான் மாஞ்சாவை 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடெங்கும் தடைசெய்ததையும் சொன்னேன். அழுதான், ஆனால் ஏமாற்றப்படவில்லை.

பிறகு எழுத்தில்லாத வாலைக் கட்டினோம். அது நீண்டுவிட்டதால் பட்டம் எழும்ப மறுத்தது. நான் வாய்திறக்கவில்லை, அஃது எனக்கு எளிதாகவும் இல்லை. அவனே ஒரு சாண் கிழித்தான், பறக்கவிட்டான், மீண்டும் ஒரு சாண் கிழித்தான். மிகவும் குறைந்தபோது பட்டம் மறுபடி சுழன்றது. கிழித்ததில் பாதியைத் திரும்ப முடிந்தான். அன்று முற்பகல் முழுதும் இவ்வாறே கழிந்தது. கனம் நிலைப்படுத்தும், மிகுந்தால் இழுத்துவிடும் என்பதை அவன் விரல்கள் அறிந்துகொண்டன. அதனை எந்தப் பாடத்திலும் சேர்க்க நான் முற்படவில்லை.

தமிழெழுத்தை நான் கைவிட்டேனா எனின், இல்லை. மாலையில் கால்மணி நேரம் எழுதவேண்டும், அது தாத்தாவின் ஆசைக்காக என்று அவனிடம் வெளிப்படையாகவே கேட்டேன். "பத்து நிமிஷம்" என்று பேரம் பேசினான், இசைந்தேன். 'ங'வும் 'ஞ'வும் அவனுக்கு இன்னும் குழம்புகின்றன. மாடியில் அவனுக்கு ஃபிர்க்கி பிடிப்பவன் நான்தான்.